ஐம்பத்து நான்கு அங்குலக் கோல்

04-06-2025, புதன் (வைகாசி 21)

காலை ஆறரை மணிக்குத் தொடங்கிய சாரல் இதை எழுதும் வரை ஓயவில்லை. குற்றால அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவிவிட்டதால் மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னால் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எதிர்ச்சாரிக்குப் போய்ப் பால் வாங்கி வருவதே பெரும்பாடாகிவிட்டது.

புதனும் சனியும் மாலையில் நானும் நண்பர் கடற்கரையும் மசூதுவின் மாடியில், மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்டம் ஆடுவது பல ஆண்டு வழக்கம். தென்காசியில் மசூதுவுக்குக் கீழ்த்தளத்தில் மரக்கடையும் கடைசல் பட்டறையும். மாடியில் அவர் மகன் வாங்கிப் போட்ட இரண்டு மேசைகள். மகன் துபாய்க்குப் போய்விட்டார், மேசைகள் தங்கிவிட்டன. அங்கே வேட்டி கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

இன்று கடற்கரை என்னுடைய முறையில் தானே குனிந்து அடித்துவிட்டார். ஒருமுறை அல்ல, பலமுறை.

"இப்பத்தான வே அடிச்சீரு?"

"அது நீருல்லா வே அடிச்சது."

பிறகு கறுப்புப் பந்தை ஆட்டத்தின் நடுவிலேயே குழியில் தள்ளிவிட்டு, வென்றுவிட்டதாகக் கைதட்டினார். விதி தெரியாதவர் அல்லர். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர்; விதியைக் காட்டியே முப்பத்தைந்து ஆண்டுகள் பிழைத்தவர். கறுப்பு கடைசியில்தான் விழ வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று.

பேருந்தில் திரும்பும்போது என் கோலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

07-06-2025, சனி (வைகாசி 24)

பக்ரீத். மசூது கடை இல்லை. அவர் வீட்டிலிருந்து வந்த பிரியாணியில், நான் சைவம் என்பதால் என் பங்கும் வழக்கம்போல் கடற்கரை வீட்டுக்கே போயிற்று.

11-06-2025, புதன் (வைகாசி 28)

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மாடிப்படி ஏறியதும் கோலை அதன் உறையிலிருந்து எடுத்தேன். கடற்கரை வந்து அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "இத எங்கன இருந்து எடுத்தீரு?" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன். "எடுக்கல வே, நீருதான குடுத்தீரு" என்றேன். "நான் ஏன் குடுக்கப் போறேன்? ராப்பகலா நின்னு கடைஞ்சு, ஒமக்கு ஏன் குடுக்கணும்?" என்றார். ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மசூது கீழேயிருந்து ஏறி வந்தார்.

அவர் கொடுத்த நாள் 22-08-2019, வியாழக்கிழமை. எனக்கு எழுபது நிறைந்த நாள். அதற்கு முந்திய ஆண்டு ஐந்தருவிப் படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது; கை முழுவதுமாக நீளவில்லை. கடையில் விற்கும் கோல் ஐம்பத்தெட்டு அங்குலம். அதை வைத்துக்கொண்டு நான் தடுமாறியதைப் பார்த்த கடற்கரை, என் கையை நூல் பிடித்து அளந்தார். ஓய்வுக்குப் பிறகு மசூதுவின் பட்டறையில் மரம் கடையப் பழகியிருந்தார். மத்தும் பூரிக்கட்டையும் பம்பரமும் கடைந்து தெருவுக்கே கொடுத்தவர். எனக்கு ஐம்பத்து நான்கு அங்குலத்தில் கோல் செய்தார். முன்பாதி மஞ்சக்கடம்பு, பிடி ஈட்டி. இரண்டு மரத்தையும் ஆப்பு வெட்டிப் பொருத்தி, பொருத்திய இடம் விரலுக்குத் தெரியாதபடி இழைத்திருந்தார். இரண்டாகக் கழற்ற நடுவில் திருகு கிடையாது.

இவ்வளவும் அவருக்கு நினைவூட்டினேன். அவர் ஆறடி உயரம். ஐம்பத்து நான்கு அங்குலத்தில் தமக்காக எவனாவது கோல் செய்துகொள்வானா என்றும் கேட்டேன்.

"களவாணிப் பய எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பான்" என்றார்.

ஆடவில்லை. இருவரும் வெவ்வேறு பேருந்தில் வந்தோம்.

14-06-2025, சனி (வைகாசி 31)

போகவில்லை.

18-06-2025, புதன் (ஆனி 4)

மாலையில் கடற்கரை எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வீடு தள்ளித்தான் அவர் வீடு. சலவைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. கூடத்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்தபடி அமர்ந்தார். நான் நின்றேன்.

"பேரு?"

"என்ன வே இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும். பேரு?"

"நம்பிராஜன்."

"அப்பா பேரு?"

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை.

"தொழில்?"

"நில அளவைத் துறை. வரைவாளர். ஓய்வு பெற்றது 31-08-2007."

அவருக்குப் பக்கத்தில் ஏட்டு ஒருவர் நிற்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பினார். "பாத்தியா, தேதி கரெக்டா சொல்லுதான். தேதி கரெக்டா சொல்லுதவன நம்பப்பிடாது. ஒத்திகை பாத்துட்டு வந்திருப்பான்."

அடுக்களையில் என் மனைவி ஆனந்தவள்ளி சிரித்துவிட்டாள். சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணாச்சி, குத்தவாளிக்கும் ஒரு டம்ளர் குடுக்கலாமா?" என்று கேட்டாள். "குடுங்கம்மா, அதெல்லாம் மனிதாபிமானம்" என்றார் அவர்.

நான் சிரிக்கவில்லை. எனக்குத் திருடன் என்று பெயர் வந்திருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் அளவுச் சங்கிலியின் ஒரு கண்ணி அளவுகூட எவருடைய நிலத்தையும் கூட்டியோ குறைத்தோ வரையாதவன் நான்.

20-06-2025, வெள்ளி (ஆனி 6)

காலையில் சுகந்தி வந்தாள். கடற்கரையின் மருமகள். மகன் அருண்பாண்டி ராணுவத்தில் இருக்கிறான். இப்போது எல்லைப்புறத்தில், விடுப்பு இல்லை. மாமனாரை இவள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள்.

"சர்வேயர் மாமா, டாக்டர்ட்ட காட்டியாச்சு. மறதி நோயாம். இனி கூடத்தான் செய்யுமாம், கொறையாதாம். எதுத்துப் பேசப்பிடாதுன்னு சொல்லுதாரு."

எனக்கும் ஐயம் இருந்தது. 

பிறகு அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். "அந்தக் கம்ப ஒரு பத்து நாளு எங்க வீட்ல வைக்கட்டுமா மாமா? அவுக கையில இருந்தா அமைதியாயிருவாக. அப்புறம் நானே கொண்டாந்து தந்துருதேன்."

மறுத்தேன். கொடுத்தால் என்ன பொருள்? எடுத்தவன் திருப்பிக் கொடுத்தான் என்றுதானே பொருள்? ஊர் அப்படித்தான் சொல்லும். நோய் அவருக்கு, பழி எனக்கா? அவருக்குத் தெளிவு வரும்போது, அன்புடன் தாம் கொடுத்த பொருளை நான் மதிக்கவில்லை என்றல்லவா நினைப்பார்? இவற்றை முறையாக எடுத்துரைத்தேன்.

சுகந்தி தலையாட்டினாள். "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனந்தவள்ளி இன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. இரவு உணவு பரிமாறும்போது, "தெளிவு வருமாம்லா, தெளிவு" என்றாள், ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

25-06-2025, புதன் (ஆனி 11)

இன்று சாட்சியை அழைத்துச் சென்றேன்.

மசூதுவின் பட்டறையில்தான் கோல் கடையப்பட்டது. மரம் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் ஒரு சொல் சொன்னால் வழக்கு முடிந்துவிடும் என்பது என் எண்ணம். மசூது வரத் தயங்கினார். கட்டாயப்படுத்தினேன். கடற்கரை வீட்டு முன்னறையில் மூவரும் அமர்ந்தோம்.

"சொல்லும் மசூது. 2019 ஆகஸ்டில் அந்தக் கோல் யாருக்காகச் செய்யப்பட்டது?"

மசூது என்னைப் பார்த்தார், கடற்கரையைப் பார்த்தார். "சர்வேயர் அண்ணாச்சிக்குத்தான்" என்றார், தரையைப் பார்த்து.

கடற்கரை எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். "நீயும் அவன் ஆளாலே?" என்றார் மசூதுவிடம். குரலில் அதட்டல் இல்லை. கண் இரண்டும் ஒருவர் மாற்றி ஒருவராக எங்களைப் பார்த்துப் பார்த்து ஓடின. கை வேட்டியைப் பிசைந்தது. பிறகு உள்பக்கம் திரும்பி, "வடிவு... ஏ வடிவு..." என்று கூப்பிட்டார். வடிவம்மாள் அவர் மனைவி. இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

வெளியே வந்ததும் மசூது தம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. வீட்டுக்குப் போங்க."

28-06-2025, சனி (ஆனி 14)

பால் கடையில் ஒருவர் கேட்டார்: "என்ன சார், எஸ்.ஐ. வீட்ல ஏதோ சாமானாமே?"

ஏதோ சாமானாமே! எழுபத்தைந்து வயதில் நான் இதைக் கேட்க வேண்டும். அங்கனயே நின்னு, பால் பாத்திரத்தக் கையில வச்சுக்கிட்டு, என்னத்தச் சொல்ல? எதிலிருந்து தொடங்க?

முடிவு செய்துவிட்டேன். கோலைக் கொடுத்தால் திருடியதை ஒப்புக்கொண்டதாகும். வைத்திருந்தால் நாள்தோறும் விசாரணை. மூன்றாவது வழி, விற்றுவிடுவது. பொருள் இல்லையென்றால் வழக்கும் இல்லை. எனக்கும் இனி யாரோடு ஆட்டம்?

ஆனந்தவள்ளியிடம் சொன்னேன். "கம்ப வித்தா அவருக்குப் புத்தி வந்துருமா?" என்றாள்.

"அவர் மறந்துவிடுவார்."

"எல்லாத்தையும் மறந்தவரு அத மட்டும் மறக்காம இருக்காருல்லா. ஏன்னு யோசிச்சீங்களா?"

சாரல் நேரத்தில் இவளோடு வாதாட முடியாது. துணி காயாத கோபமும் சேர்ந்துகொள்கிறது. மசூதுவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். தகுந்த ஆள் கிடைத்தால் மட்டுமே விற்பேன் என்றும் சொன்னேன்.

03-07-2025, வியாழன் (ஆனி 19)

முதலில் வந்தவர் ஏசுதாசன். புனலூர்க்காரர், குற்றாலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதி நடத்துகிறார். கோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சாரே, ஒரெண்ணம்தான் உள்ளதா? ரெண்டெண்ணம் இருந்தா குறுக்கே வச்சு சுவத்துல அடிக்கலாம். நல்ல லுக்கா இருக்கும்."

"அடிப்பது என்றால்?"

"ஆணி. நடுவுல சின்ன ஓட்டை ஒண்ணு போட்டா போதும்."

கோலை வாங்கி உறையில் வைத்துவிட்டேன். வெளியே நல்ல மழை; மழை நின்ற பிறகு போகலாம் என்றுகூட அவரிடம் சொல்லவில்லை.

08-07-2025, செவ்வாய் (ஆனி 24)

மசூது அனுப்பி இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். "தாத்தா, இது சின்னப் புள்ளைய ஸ்டிக்குல்லா" என்று ஒருவன் சொன்னான். மற்றவன் அதை நிறுத்திவைத்துத் தன் மார்போடு அளந்து பார்த்துச் சிரித்தான். போய்விட்டார்கள்.

கடற்கரை இன்றும் வந்தார். இப்போது விசாரணை இல்லை. வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துருங்க வே" என்று மட்டும் கேட்கிறார். முன்பெல்லாம் "நீரு" என்று சொன்ன வாயில் இன்று "குடுத்துருங்க". நான் உள்ளறையில் இருந்தேன். ஆனந்தவள்ளிதான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

13-07-2025, ஞாயிறு (ஆனி 29)

விற்றாயிற்று.

வாங்கியவள் பெயர் மஞ்சு. இலத்தூர். சுரண்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் வேலை. வயது இருபத்து மூன்று. ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஞாயிறுதோறும் அண்ணனின் வண்டியில் வந்து மசூதுவின் மாடியில் ஆடுகிறாள். ஆகஸ்டில் சென்னையில் நடக்கும் பெண்களுக்கான போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். இத்தனை நாளும் கடைக் கோலைப் பாதியில் பிடித்து ஆடி வந்திருக்கிறாள்.

மசூதுவின் மாடியிலேயே பார்த்தோம். கோலை மேசையில் உருட்டினாள். ஒரு கண்ணை மூடி நுனிவரை பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பந்தை அடித்தாள். பந்து குழிக்குள் விழுந்த ஒலி மட்டும் கேட்டது.

"சார், இது எனக்குன்னு அளந்து செஞ்ச மாரில்லா இருக்கு!"

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சில வினாக்கள் கேட்டேன். வாரத்தில் எத்தனை நாள் ஆடுவாள், மழைக்காலத்தில் எங்கே வைப்பாள். சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, படுக்கை வாட்டத்தில்தான் வைக்க வேண்டும். சாரல் அடிக்கும் சன்னலுக்கு அருகில் கூடவே கூடாது. ஈரத்துணி படக் கூடாது என்று விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" என்றாள்.

"அண்ணாச்சி, பொண்ணு கட்டிக் குடுக்க மாரில்லா பேசுதீங்க" என்றார் மசூது.

அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். விலையைப் பற்றிப் பேசவில்லை. தகுதியான கைக்குப் போயிருக்கிறது. இதைவிட ஒழுங்காக இந்தக் காரியத்தை முடித்திருக்க முடியாது.

14-07-2025, திங்கள் (ஆனி 30)

கடற்கரை வந்தார். இம்முறை நானே வாசலுக்குப் போனேன். "கோல் என்னிடம் இல்லை வே. வித்தாச்சு. முறையாக ஆடுகிற ஒரு பெண் வாங்கியிருக்கிறாள். இனி அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு விடையும் வைத்திருந்தேன். அவரோ தம் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்தார். ஏதோ கீழே விழுந்துவிட்டதுபோல் தரையையும் பார்த்தார். பிறகு தம் வீடு இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார். ஆனந்தவள்ளி ஓடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டாள்.

19-07-2025, சனி (ஆடி 3)

சுகந்தி வந்து போனாள். எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

திங்கள் முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று முன்தினம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தேடிப் பார்த்தால் மசூதுவின் மரக்கடையில் இருக்கிறார். அடுக்கி வைத்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றாராம். 

"அருணு பேரே அவுகளுக்கு மறந்து போச்சு மாமா. போட்டோவக் காட்டுனா, யாரு இந்த மிலிட்டரிக்காரன்னு கேக்காக. அந்தக் கம்பு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. மரம் எடுத்தது, கடைஞ்சது, ஒட்டுனது, எண்ண தேச்சது, எல்லாம் வரிசையாச் சொல்லுவாக. அதச் சொல்லும்போது மட்டும் பழைய மாமாவா இருப்பாக. கம்பு கையில இருந்தா பேசிக்கிட்டே இருப்பாக, அருணு போன்ல கேட்டுக்கிடட்டும்னு நெனச்சேன். அதுக்குத்தான் அன்னைக்கி வந்தேன்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீகல்லா மாமா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் அவருக்கு மறந்துபோயிருக்கிறது. செய்தது மறக்கவில்லை. நான் நாளையும் அளவையும் சாட்சியையும் வைத்து எதை எதிர்த்துக்கொண்டிருந்தேன்?

27-07-2025, ஞாயிறு (ஆடி 11)

இலத்தூருக்குப் போனேன். கோலைச் சில வாரங்களுக்கு இரவல் கேட்பது. இசையாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வது. என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே சென்றேன்.

மஞ்சுவின் தாய் பார்வதியம்மாள் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். "நீங்க குடுத்த கம்பு வந்த நேரம், இவ அடிக்கதெல்லாம் விழுதாம்" என்றார். மஞ்சு உள்ளே போய், சிறிய தோள்பை ஒன்றோடு வந்தாள். நீளம் இரண்டரை அடி இருக்கும். அதற்குள் கோல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பையைத் திறந்து இரண்டு துண்டுகளை எடுத்தாள்.

"சென்னைக்கு பஸ்ஸுல கொண்டு போகணும்லா சார். முழுசா இருந்தா ஏத்த மாட்டேங்கான். அதான் திருநெவேலில குடுத்து நடுவுல அறுத்து, பித்தள திருகு வச்சிட்டேன். பாருங்க, கொஞ்சங்கூட ஆடாது."

திருகி மாட்டிக் காட்டினாள். அறுத்த இடம், மஞ்சக்கடம்பும் ஈட்டியும் ஒன்றோடொன்று ஆப்பாகக் கூடியிருந்த அதே இடம். இப்போது அங்கே ஒரு பித்தளை வளையம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய பொருள், தன் தேவைக்குச் செய்திருக்கிறாள். நேர்த்தியாகவே செய்திருக்கிறார்கள்.

"என்ன விசயமா வந்தீங்க சார்?"

"சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலை."

மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். போட்டியில் வெல்லட்டும் என்று வாழ்த்தினேன். மனதாரத்தான் வாழ்த்தினேன்.

30-07-2025, புதன் (ஆடி 14)

மழை. எங்கும் போகவில்லை. கடற்கரை வாசலுக்கு வந்து, கேட்டுவிட்டுப் போனார்.

06-08-2025, புதன் (ஆடி 21)

இன்று நான் பொய் சொன்னேன்.

மசூதுவிடம் இருந்த கடைக் கோல்களில் நிறம் ஒத்த ஒன்றைத் தேர்ந்து, அவரிடமே நான்கு அங்குலம் அறுத்துத் தரச் சொல்லி, பந்தைத் தொடும் நுனியில் தோலும் ஒட்டி வாங்கி வந்தேன். பழைய உறை நல்லவேளையாக என்னிடமே தங்கிவிட்டது. மஞ்சு புது உறை வைத்திருந்தாள். அதில் போட்டு, கடற்கரை வீட்டுக்கு நானே கொண்டுபோனேன்.

"இந்தாரும் வே. உம்ம கோல்."

அவர் முகம் மலர்ந்ததை இத்தனை மாதங்களில் இன்றுதான் கண்டேன். உறையை அவசரமாக அவிழ்த்தார். எடுத்தார். பெருவிரலை அடியிலிருந்து நுனிவரை ஓட்டினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, திரும்பவும் ஓட்டினார். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டார், பக்கத்து வீட்டுப் பொருளை வைப்பதுபோல.

"இது மில்லுல வந்த சாமான் வே" என்றார். "நான் செஞ்சது எங்க?"

சுகந்தி கதவோரம் நின்றிருந்தாள். இனி என்ன சொல்வது? உண்மையை இதுவரை ஆயிரம் முறை சொல்லியாயிற்று; அது யாருக்கும் பயன்படவில்லை.

"நான்தான் எடுத்தேன் வே" என்றேன். "உம்மகிட்ட கேக்காம எடுத்துட்டேன். தப்புதான்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பின், ஒரு பெரிய சுமையைக் கீழே இறக்கியதுபோல், சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் வே? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா? ஒமக்கே ஒண்ணு செஞ்சு தந்திருப்பேனே."

என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சுகந்தி சொல்லியனுப்பினாள்: இன்று இரண்டு கரண்டி சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டாராம்.

07-08-2025, வியாழன் (ஆடி 22)

நேற்று நடந்தது அவருக்கு நினைவில்லை. மாலையில் வாசலுக்கு வந்து கேட்டார். எடுத்தது நான்தான் என்றேன். "கேட்டிருந்தா செஞ்சு தந்திருப்பேனே வே" என்றார்.

ஆனந்தவள்ளி அவருக்குச் சுக்குக் காபி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

08-08-2025, வெள்ளி (ஆடி 23)

வந்தார். சொன்னேன்.

12-08-2025, செவ்வாய் (ஆடி 27)

வந்தார். சொன்னேன். பால் கடைக்காரர் அந்த நேரத்தில் பால் பணம் வாங்க வந்து நின்று, அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும்.

16-08-2025, சனி (ஆடி 31)

மஞ்சு தொலைபேசியில் பேசினாள். அரையிறுதிவரை ஆடித் தோற்றிருக்கிறாள். "அடுத்த வருசம் பாருங்க சார்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். கோல் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவளே, "படுக்க வச்சுத்தான் வச்சிருக்கேன் சார்" என்றாள்.

கடற்கரை வந்தார்.

22-08-2025, வெள்ளி (ஆவணி 6)

எழுபத்தாறு நிறைந்தது. ஆனந்தவள்ளி பாயசம் வைத்தாள். இரண்டு வீடு தள்ளியும் ஒரு கிண்ணம் போயிற்று. கடற்கரை இன்று கதவுவரை சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் சொல்வதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

29-08-2025, வெள்ளி (ஆவணி 13)

நான்கு நாள்களாக அவர் வரவில்லை. கால் வீக்கம் என்கிறாள் சுகந்தி. மாலையில் அந்த நேரம் வந்ததும் நான் வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன். கூட்டம் குறைந்து சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டதாம்.

03-09-2025, புதன் (ஆவணி 18)

அவர் வராததால் நானே போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, திருநீறு இட்டு, சுகந்தி சுத்தமாக வைத்திருக்கிறாள். எதிரே நாற்காலியில் அமர்ந்தேன்.

"நான்தான் எடுத்தேன் வே" என்றேன்.

"எத எடுத்தீங்க அண்ணாச்சி?" என்றார்.

அறிமுகமில்லாத பெரியவர்களிடம்தான் அவர் அப்படிப் பேசுவார். என்னை அவர் அண்ணாச்சி என்று அழைத்ததே இல்லை.

"கோல். பூல் ஆடுகிற கோல். ஐம்பத்து நான்கு அங்குலம். முன்பாதி மஞ்சக்கடம்பு, பிடி ஈட்டி. மசூதுவின் பட்டறையில் கடைந்தது..." சொல்லிக்கொண்டே போனேன். மரம் எடுத்தது, நூல் பிடித்தது, ஆப்பு வெட்டியது, எண்ணெய் தேய்த்தது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வேறு ஊர்ச் செய்தியைக் கேட்பதுபோல, மரியாதையாக.

"நல்லாச் செஞ்சிருப்பான் போலுக்கே. யாரு செஞ்சது?"

"நீருதான் வே."

அவர் சிரித்தார். சுகந்தியைப் பார்த்து, இவர் சொல்வதைக் கேட்டாயா என்பதுபோல் கண்ணைக் காட்டினார். "எனக்கு அந்த வேலையெல்லாம் வராது அண்ணாச்சி. நான் போலீஸ்காரன்லா" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை.